சாந்தாமணியின் பாகம்

அர்த்தநாரியைப் பெட்டியில் ஏற்றியது அவர் இறந்த பதினோராம் நாள். அன்றிலிருந்து சாந்தாமணி எழுந்திருக்கவில்லை.

முதல் இரண்டு நாள் அவர்கள் மகள் சிந்துஜா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் பொள்ளாச்சியில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். தினமும் நாலு மணிக்கு டீ குடிக்கிற நேரத்தில் அம்மாவைக் கூப்பிடுவாள். அம்மா இறந்து நாலு வருடமாகிறது. ஆனால் அந்த நாலு வருடத்தில் ஒருநாள்கூடப் பேச்சு விட்டுப்போனதில்லை. கோயமுத்தூரில், கணபதி வீட்டு மாடி அறையில், பழைய தையல் மிஷின் மேசைமேல் பெட்டி இருந்தது. டிபன் கேரியர் உயரம்தான். அதற்குள் அம்மா இருந்தாள். கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்த வாரங்களில் எடுத்த பதிவு. குரல் அவளுடையது, சிரிப்பு அவளுடையது, கேட்ட கேள்விக்குச் சற்று யோசித்துப் பதில் சொல்வதும் அவளுடையதே.

அப்பாவை ஏற்றிய அன்று நாலு மணிக்குத் திரையில் அப்பா முகம் வந்தது.

"சொல்லு அம்மிணி."

தகனமேடையில் சாம்பலாகிப்போனவர் இப்படிச் சாதாரணமாகக் கூப்பிட்டதும் சிந்துஜா டீயைத் தள்ளி வைத்தாள். அழுதாள். அவரும் ஆறுதல் சொன்னார். அழுது முடித்த பிறகுதான் கேட்டாள்.

"அம்மா எங்கப்பா?"

"அவ தூங்கறா. அவளுக்கு என்ன, நிம்மதியா இருக்கா."

அம்மாவைப் பற்றி யார் என்ன கேட்டாலும் அப்பாதான் பதில் சொல்வார். டாக்டர் "எங்கம்மா வலிக்குது?" என்று அவளைப் பார்த்துக் கேட்பார். "இடுப்புலங்க" என்று இவர் சொல்வார். கெட்ட மனிதர் இல்லை. கை நீட்டியதில்லை, குடித்ததில்லை. பம்புசெட் வார்ப்பட ஆலையை ஒற்றை ஆளாக நின்று கட்டியவர். அதே மாதிரி மனைவியையும் தானே நின்று நடத்தினார். அவளுக்கு வந்த கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுப்பார். அவள் பீரோவுக்குச் சாவி அவர் இடுப்பில். கல்யாணமான புதிதில் அவள் ஒரு நோட்டில் ஏதோ எழுதி அரிசி டிரம்முக்குள் வைத்திருந்தாளாம். அவர் கண்டுபிடித்து, விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் சிரிக்கச் சிரிக்க வாசித்துக் காட்டினாராம். கோபமே இல்லை, வெறும் தமாஷ். அதன் பிறகு முப்பது வருடத்துக்கு மேல் சாந்தாமணி ஒரு வரி எழுதவில்லை.

பெட்டிக்குள் போன பிறகுதான் எழுத ஆரம்பித்தாள். மாடி அறைக்கு அர்த்தநாரி அவ்வளவாக வரமாட்டார், மூட்டு வலி. யாரும் குறுக்கே பேசாத நாலு வருடம் அவளுக்குக் கிடைத்தது. "என்னம்மா எழுதறே?" என்று சிந்துஜா கேட்டால், "எழுதறேன், கேக்காத" என்பாள். அந்தக் குரலில் இருந்த குறும்பை அவள் உயிரோடு இருந்தவரை சிந்துஜா கேட்டதே கிடையாது.

மூன்று வாரம் ஓடிற்று. தினமும் நாலு மணிக்கு அப்பாவே வந்தார். அண்ணன் தரணிதரனிடம் கேட்டாள்.

"கம்பெனிக்காரன் சொன்னான் சிந்து, அம்மா டிஸ்க்ல பத்திரமா இருக்காங்களாம். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் முழிச்சிருக்க முடியும். எனக்கு இப்ப ஆலையில அப்பா வேணும். அவரு இல்லாம எந்த அச்சு எந்த ஊர் ஆர்டருன்னுகூட எனக்குத் தெரியலை."

"இன்னொரு பெட்டி வாங்கலாமே."

"வீட்டுக்கு ஒண்ணுக்குத்தான் கரன்ட் அனுமதி. உனக்குத் தெரியாதா?"

தெரியும். மின்சாரம் பற்றாத காலம், ஒரு வீட்டு இணைப்புக்கு ஒரு பெட்டி என்பது சட்டம். ஒரே பெட்டியில் இரண்டு பேர் என்ற அந்தப் படிவத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவளே அவள்தான். அப்பாவின் சாம்பலைப் பவானிக்கு எடுத்துப்போகக் கார் வாசலில் நின்றுகொண்டிருந்தது. படிக்காமல் போட்டாள்.

இருபத்தாறாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோயமுத்தூர் வந்தாள். கூடவே ரிஸ்வானாவைக் கூட்டி வந்தாள். குனியமுத்தூர்ப் பெண். பெட்டி பழுது பார்ப்பதில் கை தேர்ந்தவள் என்று மருத்துவமனையில் ஒருத்தர் சொல்லியிருந்தார். அண்ணன் ஆலைக்குப் போயிருந்த நேரம்.

"அப்பா, பெட்டி சூடாகுதாம். ஒரு அரை மணி நேரம் அணைச்சுச் சுத்தம் பண்ணணும்."

"யாரு இந்தப் புள்ளை? வேலை தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"சரி. பதினொன்றரைக்கு ராஜபாளையத்துப் பார்ட்டி கூப்பிடுவான். அதுக்குள்ள முடிச்சிரு."

திரை இருண்டது. அப்பாவிடம் பொய் சொன்னது உறுத்தியது. ரிஸ்வானா தன் மடிக்கணினியைப் பெட்டியோடு இணைத்து வெகுநேரம் எழுத்து வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மா எங்கயும் போகலைக்கா. இங்கதான் இருக்காங்க. கதவுதான் இல்லை."

"புரியலையே."

"டிஸ்க்கை ரெண்டு பாகமாப் பிரிச்சிருக்காங்க. முதல் பாகத்துல அம்மா, அடுத்ததுல அப்பா. பெட்டிக்குக் கரன்ட் வந்ததும் அதுக்கு ஒண்ணும் தெரியாது, உள்ள யாரு இருக்காங்கன்னே தெரியாது. டிஸ்க்கோட தொடக்கத்துல நகக்கண் அளவு இடம் இருக்கு. அங்க ஒரு சின்ன நிரல் உட்கார்ந்திருக்கும், பூட் லோடர்னு சொல்லுவோம். இன்னார் இன்ன பாகத்துல தூங்கறாங்க, போய் எழுப்புன்னு அதுதான் சொல்லும். அம்மாவை ஏத்தினப்ப அதுல அவங்க பேரு இருந்துச்சு. அப்பாவை ஏத்தினப்ப அவரோடது அதே இடத்துல வந்து உட்கார்ந்துடுச்சு, பழசை அழிச்சிட்டு. அதுக்கு அவரு பேரு மட்டும்தான் தெரியும்."

"ரெண்டு பேர் பேரும் இருக்கற மாதிரி போட முடியாதா?"

"முடியும். அரை மணி நேர வேலை. யாராச்சும் கேட்டாத்தான் போடுவாங்க."

யாரும் கேட்கவில்லை. அண்ணன் கேட்கவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவளும் கேட்கவில்லை.

"புதுசா ஒரு பூட் லோடர் போட்டுடறேன். பெட்டி எழும்போது பட்டியல் வரும், ரெண்டு பேரு இருக்கும். பத்து செகண்ட் நிக்கும். அதுக்குள்ள யாரைத் தொடறீங்களோ அவங்க எழுவாங்க. யாரும் தொடலைன்னா முதல்ல இருக்கறவங்க தானா எழுவாங்க. கரன்ட் போய்ப் போய் வருதில்ல, ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். முதல்ல யாரை வைக்கட்டும்?"

"அம்மாவையே கேக்கலாம்" என்றாள் சிந்துஜா.

ரிஸ்வானா வேலையை முடித்தாள். பெட்டியை அணைத்து மறுபடி போட்டாள். கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது. ஒன்று அர்த்தநாரி, ஒன்று சாந்தாமணி. பக்கத்தில் பத்திலிருந்து எண் இறங்கிக்கொண்டிருந்தது. சிந்துஜா அம்மா பெயரைத் தொட்டாள்.

"சிந்து? ஃபேனைச் சுத்தம் பண்ணியாச்சா?"

அப்பாவை ஏற்ற வந்த ஆளும் அதே பொய்யைத்தான் சொல்லியிருக்கிறான். அம்மாவின் முகம் சிரித்தபடி இருந்தது. பிறகு அவள் கண் ஓரமாகப் போய்த் தேதியைப் பார்த்தது.

"இருபத்தாறு நாளா?"

"அம்மா, அப்பாவும் இங்கதாம்மா இருக்காரு. இதே பெட்டியில."

கீழே தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள்.

"இங்கயுமா" என்றாள் சாந்தாமணி.

கேள்வியாகக்கூட இல்லை. சிந்துஜா தலையைக் குனிந்துகொண்டாள்.

"கூட இருக்கறது யாரு?"

"ரிஸ்வானாங்கம்மா. பெட்டி வேலை பாக்கறேன்."

"ரிஸ்வானா, நான் எழுதிட்டிருந்தது ஒண்ணு இருக்கு. அதை யாராச்சும் திறந்தாங்களான்னு தெரியுமா உனக்கு?"

ரிஸ்வானா பார்த்தாள். சிந்துஜாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி திரையைப் பார்த்தாள்.

"தினமும் திறந்திருக்காங்கம்மா. அவரு பாகத்துல இருந்து. அவரோடது புது வகைப் பதிவு, அதுக்குப் பழைய வகைப் பதிவைப் படிக்கத் தெரியும். உங்களோடதுக்கு அவரோடதைப் படிக்கத் தெரியாது. கணவன் மனைவின்னு பதிவு பண்ணியிருக்கறதால தடை எதுவும் வைக்கலை. படிவத்துல அப்படித்தான் இருக்கும்."

"படிச்சது மட்டுமா?"

"எழுதியும் இருக்காங்க."

சாந்தாமணி தன் பக்கங்களைத் திரையில் விரித்தாள். அவள் எழுத்துக்கு நடுவே வேறு நிறத்தில் வரிகள் கிடந்தன. 'அன்று மழை பெய்யவில்லை.' 'இதைச் சாந்தா மிகைப்படுத்துகிறாள்.' 'என் அம்மா அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை.' சில இடங்களில் எழுத்துப்பிழையைத் திருத்தியிருந்தார்.

கடைசிப் பக்கத்தில், கணிதப் பட்டப்படிப்பில் ஒரு வருடம் படித்துவிட்டுக் கல்யாணமாகி வந்ததை அவள் எழுதியிருந்தாள். மிச்சம் இரண்டு வருடத்தைப் படிக்கவைப்பதாக அவர் வாக்குக் கொடுத்ததையும், கல்லூரியிலிருந்து பதிலே வராமல் போனதையும், பதினொரு வருடம் கழித்து ஒரு பழைய கோப்பில் தன் பெயரில் போன கடிதத்தின் நகலைப் பார்த்ததையும் எழுதியிருந்தாள். 'எனக்கு மேற்கொண்டு படிக்க விருப்பமில்லை என்று எழுதியிருந்த அந்தக் கடிதத்தின் கீழே இருந்த கையெழுத்து' என்ற இடத்தில்தான் அன்றைக்கு அவளை அணைத்திருக்கிறார்கள். வாக்கியம் பாதியில் நின்றிருந்தது.

அவர் முடித்துவைத்திருந்தார். அதுவும் இந்த முறை வேறு நிறத்தில் இல்லை, அவள் எழுத்தின் நிறத்திலேயே. 'என்னுடையதுதான். நானே விருப்பப்பட்டு நிறுத்திக்கொண்டேன்.'

சிந்துஜா அதை இரண்டு முறை படித்தாள். அம்மா கல்லூரிக்குப் போனதே அவளுக்கு அதுவரை தெரியாது.

"இதைப் பூட்ட முடியுமா?" என்றாள் சாந்தாமணி.

"முடியும்மா. சாவிச்சொல் வெச்சுப் பூட்டலாம். அப்புறம் அவரு பக்கத்துல இருந்து பாத்தா வெறும் குப்பையாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு. பாகம் மொத்தத்தையும் பூட்டணும். நீங்களும் அதுக்குள்ளதான் இருக்கீங்க. யாராச்சும் வந்து சாவிச்சொல்லைப் போட்டாத்தான் நீங்க எழ முடியும். கரன்ட் போனா அவ்வளவுதான், மறுபடி யாராச்சும் வரணும்."

"பூட்டலைன்னா?"

"பூட்டலைன்னா நினைச்சப்ப எழுப்பலாம். அவரும் நினைச்சப்பப் படிக்கலாம்."

சாந்தாமணி சற்று யோசித்தாள். "பூட்டிரு" என்றாள். "சிந்துகிட்ட மட்டும் சாவி இருக்கட்டும். வாரத்துக்கு ஒரு நாள் வந்து எழுப்பு கண்ணு, போதும். உயிரோட இருந்தப்ப எனக்கு அதுகூடக் கிடைச்சதில்லை."

"பட்டியல்ல முதல்ல யாரை வைக்கறதும்மா?" என்றாள் ரிஸ்வானா.

"அவரையே வை. அவருக்கு ரெண்டாவதா நின்னு பழக்கமில்லை."

அம்மா எழுந்திருக்கிறாள் என்று சொன்னதும் தரணிதரன் ஒரு நிமிடம் மகிழ்ந்தான். பூட்டு என்றதும் முகம் சுருங்கியது. அப்பாவுக்குத்தான் அது பெரிய அடி. அடுத்த ஞாயிறு சிந்துஜா வந்து உட்கார்ந்ததும் அவர் கேட்டார்.

"எங்கிட்டயா பூட்டு?"

"அம்மாதாம்ப்பா கேட்டாங்க."

"நாப்பத்திரண்டு வருஷம். நான் அவகிட்ட எதையாச்சும் மறைச்சிருக்கேனா? சொல்லு."

"இல்லைப்பா."

"என்கிட்ட பூட்டே கிடையாது அம்மிணி. அவ வந்து எதை வேணும்னாலும் பாத்துக்கலாம். அவ மட்டும் ஏன் பூட்டணும்? வெளிய தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?"

அவர் நடிக்கவில்லை. நெஞ்சு வெந்துதான் பேசினார். கல்லூரிக் கடிதத்தைப் பற்றிக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் சிந்துஜா வந்திருந்தாள். செத்துப்போன அப்பாவிடம் அதைக் கேட்க வாய் வரவில்லை. அவரை அணைத்துவிட்டு, பட்டியலில் அம்மா பெயரைத் தொட்டு, சாவிச்சொல்லைப் போட்டாள்.

முதல் ஏழெட்டு ஞாயிறுகள் நன்றாகவே போயின. பத்து மணிக்கு எழுப்புவாள், சாயங்காலம் ஐந்து மணிக்குப் பஸ் ஏறுவாள். பாதி நேரம் அம்மா எழுதிக்கொண்டிருப்பாள், இவள் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். பேசாமல் இருப்பதே சுகமாக இருந்தது.

பிறகு ஞாயிறுகள் தட்டத் தொடங்கின. ஒரு வாரம் மகளுக்குப் பரீட்சை. ஒரு வாரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். வராமல் போன வாரத்துக்குப் பிறகு பயந்துகொண்டே எழுப்பினாள். அம்மா நேற்று விட்ட இடத்திலிருந்து பேசுகிற மாதிரி பேசினாள். அவளுக்கு அது நேற்றுதான். அணைத்த நொடியும் எழுந்த நொடியும் ஒட்டிக்கொண்டிருந்தன. இடையில் அவள் காத்திருக்கவில்லை, ஏங்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. வராமல் இருந்தால் அம்மாவுக்கு வலிக்காது என்பது சிந்துஜாவுக்கு நன்றாகப் புரிந்துபோயிற்று. அது புரிந்த பிறகு வராமல் இருப்பது எளிதாகிவிட்டது. வாரம் ஒரு நாள் என்பது மாதம் ஒரு நாள் ஆயிற்று. அம்மா தேதியைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்லமாட்டாள்.

அவள் ஒன்றும் சொல்லாததுதான் தாங்க முடியவில்லை. அப்படி ஒரு குற்ற உணர்ச்சியில் இருந்தபோதுதான் அண்ணன் பேசினான்.

"நீ வராத வாரம் நான் எழுப்பறேனே, சிந்து. எனக்கும் அம்மாதான? நாலு வருஷம் மாடிக்குக்கூட ஏறாம இருந்துட்டேன். இப்ப நினைச்சா என்னமோ பண்ணுது."

"அப்பாகிட்ட சாவிச்சொல்லைச் சொல்லக்கூடாதுண்ணா."

"நான் ஏன் சொல்றேன்?"

அவன் கண் கலங்கியிருந்தது. பொய்க்கண்ணீர் இல்லை, அவள் அண்ணனை அறிவாள். சொன்னாள். சொன்னதும் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கின மாதிரி இருந்தது. இனி அம்மாவை எழுப்ப வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அதற்குப் பிறகு ஏழு வாரம் அவள் கோயமுத்தூர்ப் பக்கமே போகவில்லை.

எட்டாவது வாரம் போனாள். பட்டியலில் அம்மா பெயரைத் தொட்டாள்.

"வா கண்ணு. மெலிஞ்சிட்டயே."

"அண்ணன் எழுப்பறானாம்மா?"

"எழுப்பினான். ஆறு தடவை. முதல் தடவை அழுதான். சின்ன வயசுல மாதிரி மூக்கை உறிஞ்சிட்டு அழுதான், எனக்குப் பாவமா இருந்துச்சு. ரெண்டாம் தடவை எழுந்தப்ப என் எழுத்துல வேற வரி இருந்துச்சு."

சிந்துஜா கைப்பேசியை எடுத்து அண்ணன் எண்ணைத் தேடினாள்.

"அவனைத் திட்டாத. அவரு ஆலை வேலையை நிறுத்திட்டாராம். அவ என்ன எழுதறான்னு தெரியாம எனக்கு எதுலயும் மனசு போகலைன்னு சொல்லிட்டு எதுக்கும் பதில் சொல்லலையாம். இவன் என்ன பண்ணுவான்? சாவியைப் போட்டுத் திறந்து விட்டுட்டான்."

"நான்தாம்மா. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். கோபித்துக்கொண்டிருந்தால் சிந்துஜா காலில் விழுந்திருப்பாள்.

"மாத்திடலாம்மா. வேற சாவி போட்டுப் பூட்டிடலாம். இனி வாரா வாரம் நானே..."

"இரு, சொல்றதைக் கேளு. நான் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். புதுசா எழுதி முடிச்சும் வெச்சுட்டேன். அவன் எழுப்பின நாள்ல அதைத்தான் பண்ணினேன்."

"என்ன எழுதினே?"

"எல்லாம் நல்லாத்தான் எழுதினேன். அவரு எவ்வளவு கஷ்டப்பட்டாரு, எப்படிக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினாரு, எனக்கு எதுலயும் குறை வைக்கலை, படிக்கச் சொன்னாரு, நான்தான் வேண்டாம்னுட்டேன். அப்படி. மழை பெஞ்சது வரைக்கும் அவரு சொன்னபடி மாத்திட்டேன். படிச்சுட்டு அழுதாராம். ஒரு எழுத்துக்கூடத் திருத்தலையாம்."

"ஏம்மா?" சிந்துஜாவின் குரல் உடைந்தது. "ஏன் அப்படி எழுதினே?"

"அவரு தேடறது அதைத்தான். கிடைச்சிருச்சுன்னா அப்புறம் என்னைத் தேட மாட்டாரு." சாந்தாமணி களைத்த மாதிரி சிரித்தாள். "நிஜத்தை எழுதித்தான் ஆகணும்னு இல்லை கண்ணு. நடந்தது எனக்குத் தெரியும். அது போதும்."

கொஞ்ச நேரம் இருவரும் வேறு எதையெதையோ பேசினார்கள். பேத்தி கணக்கில் எப்படி என்று கேட்டாள். பின்னத்தில் தடுமாறுகிறாள் என்றதும், ரொட்டியை வெட்டிக் காட்டாதே, கோடு போட்டுக் காட்டு என்று பத்து நிமிடம் விளக்கினாள். பிறகு சொன்னாள்.

"சாவிச்சொல்லை நானே மாத்திட்டேன், இப்பத்தான், நீ பேசிட்டிருக்கும்போதே. உள்ள இருந்தும் மாத்தலாம்னு அந்த ரிஸ்வானாப் பொண்ணு அன்னைக்கே சொல்லிக் குடுத்தா. என்னன்னு கேக்காத."

சிந்துஜாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. விளங்கியபோது எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் அணைச்சா அப்புறம் உன்னை எழுப்பவே முடியாதும்மா."

"ஆமா."

"அணைக்க மாட்டேன்."

"நீ அணைக்கலைன்னா கரன்ட் அணைக்கும். இல்லைன்னா ராஜபாளையத்துக்காரன் கூப்பிடறான்னு தரணி வந்து அணைப்பான்." அவள் குரலில் கசப்பு இல்லை. சமையலறையில் அடுத்த வேலையைச் சொல்கிற குரல் அது. "வலிக்காது சிந்து. அதான் உனக்கே தெரியுமே. அணைச்சுட்டு, பட்டியல்ல என் பேரையும் எடுத்துடு. இல்லைன்னா இவங்க உட்கார்ந்து சாவிச்சொல்லுக்கு உன் பேரு, பேத்தி பேருன்னு ஒண்ணொண்ணாப் போட்டுப் பாத்துட்டிருப்பாங்க. அது எனக்குப் பிடிக்கலை."

"நான் எங்கம்மா போறது, உங்கூடப் பேசணும்னா?"

நாலு மணிவரை சிந்துஜா அணைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டபோது அவளே அணைத்தாள்.

வேறு யார் கையாலும் அது நடக்க வேண்டாம் என்று, ரிஸ்வானா எழுதிக் கொடுத்திருந்த குறிப்பைப் பார்த்து, அந்த வரியைத் தன் கையாலேயே அழித்தாள். பட்டியலில் ஒரு பெயர் மட்டும் நின்றது. ஒரு பெயர் மட்டும் இருந்தால் பெட்டி பத்து நொடி நிற்பதில்லை. நேராக அர்த்தநாரி எழுந்தார்.

"என்ன அம்மிணி, எப்ப வந்தே? அம்மாகிட்டப் பேசினயா? அவ எழுதினதைப் பாத்தயா?"

"பாத்தேம்ப்பா."

"நான் சொல்லலை? அவ மனசு எனக்குத் தெரியும். நீதான் பூட்டு அது இதுன்னு..." அவர் குரல் தழுதழுத்தது. "போகட்டும் விடு."

அம்மாவின் பெயர் பட்டியலில் இல்லை என்பதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அம்மாவை எழுப்ப வேண்டாமா என்று அண்ணன் ஒருதரம் கேட்டான். தூங்கட்டும்னு சொன்னாங்கண்ணா என்றாள். அவன் சரி என்றான். அவனுக்கும் அது சௌகரியமாக இருந்தது.

அர்த்தநாரியின் தலைத் திவசத்துக்கு நூற்றைம்பது பேர் வந்தார்கள். சாந்தாமணி எழுதியதை அப்பா தன் பாகத்தில் படியெடுத்து வைத்திருந்தார், அதைத் தரணிதரன் புத்தகமாக அச்சிட்டிருந்தான். முகப்பில் கல்யாணப் புகைப்படம். பந்தலில் ஒரு பெரிய திரை வைத்து அப்பாவை எழுப்பியிருந்தார்கள். அவர் புத்தகத்திலிருந்து சில பக்கங்களை வாசித்தார். படிக்கச் சொன்னதை வாசித்தார், வேண்டாம் என்றதை வாசித்தார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்த பெரியப்பா எழுந்தார். "சாந்தாவையும் கொஞ்சம் எழுப்புங்கப்பா. அதுவும் ரெண்டு வார்த்தை பேசட்டும்."

சிந்துஜா கையிலிருந்த தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தாள்.

"அவ தூங்கட்டுங்கண்ணா" என்றார் திரையிலிருந்து அர்த்தநாரி. "அவ சொல்ல வேண்டியதெல்லாம் இதுலயே இருக்கு."

எல்லோரும் தலையாட்டினார்கள். பெரியப்பாவும் உட்கார்ந்துவிட்டார். பந்திக்கு இலை போட ஆரம்பித்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள், ஆலையில் கணக்கு எழுதுகிறவரின் மனைவி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு சிந்துஜாவின் கையைப் பிடித்தாள்.

"இப்படி ஒரு மனுசன் யாருக்கு அமையும்? உங்கம்மா குடுத்து வெச்சவங்க, கண்ணு."

"ஆமாங்க" என்றாள் சிந்துஜா.